ஏழூர் போய் வந்த சாமியும் நாங்களும்

முதல் நாள்: திருப்பழனம்

வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததுமே இந்த வரிசையை மகனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் ஐந்து பாலம் வரும். ஐந்து ஆறு பாயும் ஊர் என்பதால்தான் ஐயாறு என்று பெயர். ராத்திரி முழுக்க உழவன் எக்ஸ்பிரஸில் மேல் படுக்கையில் தூங்கியவன், இப்போது ஜன்னலோரம் விழிப்பாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தான். கரந்தையில் எட்டிப் பார்த்து "தண்ணி இல்லம்மா" என்றான். பள்ளியக்கிரகாரத்திலும் அதையேதான் சொன்னான். ஐந்தாவது பாலத்தில் சொல்லவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணலும் நாணலுமாகக் கிடந்த காவிரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சித்திரையில் ஆறு இப்படித்தான் கிடக்கும். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால், கல்லணையில் பிரிந்து, அதன் பிறகுதான் இந்தப் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்கும். நாங்கள் பார்க்க வந்த திருவிழாவுக்கு ஆறு காய்ந்திருப்பதுதான் வசதி. திருவையாற்றுச் சாமி ஐயாறப்பர் பக்கத்து ஆறு ஊருக்கும் போய் வருகிற ஏழூர்ப் பல்லக்கு, ஆற்றுக்குள் இறங்கி மணலில் நடந்து அக்கரை ஏறும். ஆடி மாதத்தில் யாரும் இதை நினைத்துப் பார்க்க முடியாது. வெயில் கொளுத்துகிற, ஆறு வற்றுகிற, அறுவடை முடிந்து வயலில் வேலை குறைந்திருக்கிற நாளாகப் பார்த்துப் பெரியவர்கள் இதை வைத்திருக்கிறார்கள்.

திருவையாற்றில் இறங்கி, கும்பகோணம் சாலையில் இன்னொரு பேருந்து. அத்தை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். "வா ஆயி" என்றார். அப்புறம் மகனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

பத்தொன்பது வருடம் கழித்து ஏழூருக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தைய வருடம் வந்ததுதான் கடைசி. அதன் பிறகு சென்னை, வேலை, பிள்ளை. அப்படியும் ஊர் விட்டுப்போனதாக எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் அம்மா வந்துகொண்டிருந்தாள். வருடம் தவறாமல் சித்திரை விசாகத்துக்குக் கிளம்பிவிடுவாள். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே எல்லார் வீட்டுக்கும் போய், எல்லாரையும் விசாரித்து, வடகமும் மாங்காயுமாகத் திரும்புவாள். மூன்று வருடத்துக்கு முன்னால் தை மாதம் அவள் போன பிறகு, எங்கள் வீட்டிலிருந்து யாரும் எங்கும் போகவில்லை.

எங்கள் உறவுகள் கிட்டத்தட்ட இந்தத் திருவிழாவின் வழித்தடத்திலேயே பரவிக் கிடக்கின்றன. திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஏழு ஊர். திருப்பழனத்தில் அப்பாவின் அக்காவான இந்த அத்தை. கண்டியூரில் அம்மாவின் தங்கை, என் சித்தி. தில்லைஸ்தானம் அம்மா பிறந்த ஊர், அங்கே மாமா. அந்தக் காலத்தில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பல்லக்கு போகிற தூரத்துக்குள்தான். வருடத்துக்கு ஒரு தடவையாவது மகளைப் பார்க்க நடந்தே போய்வந்துவிடலாமே.

ராத்திரி முருங்கைக்கீரைப் பொரியலும் வத்தக்குழம்பும். முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தோம். அத்தைக்கு எழுபத்து நாலு வயது. நாற்பத்தோரு வருடம் ஏழூரும் விடாமல் நடந்தவர். போன வருடத்திலிருந்து முழங்கால் விடவில்லை.

"நீ நட ஆயி. நான் வாசல்லயே சாமிய பாத்துக்கறேன். நம்ம வீட்டுக்குத்தான வர்றாரு."

இரண்டாம் நாள்: திருவையாறு

பல்லக்கு புறப்பட இன்னும் ஒரு நாள் இருந்ததால் காலையில் கோயிலுக்குப் போனோம். தெற்கு வாசலில் ஆட்கொண்டார் சந்நிதி. எதிரே எப்போதும் புகைகிற குங்கிலியக் குழி. பொட்டலம் வாங்கிப் போட்டதும் எழுந்த அந்த வாசனைக்கு என் வயது முப்பது குறைந்துவிட்டது. அம்மாவின் புடவைத் தலைப்பில் ஊருக்குப் போய் வந்த வாரம் முழுக்க இந்த வாசனைதான் இருக்கும்.

பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பார்கள். மகன் கூப்பிட்டான். ஒவ்வொன்றாகத் தேய்ந்து திரும்பி வந்த குரலை விரல் விட்டு எண்ணினான். எங்களுக்குப் பின்னால் நின்ற பாட்டி ஒருவர், தன் முறை வந்ததும் கைகூப்பிக்கொண்டு கூப்பிட்டார். அவருக்கு அது விளையாட்டில்லை. மகன் சட்டென்று செருமலை அடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றதைப் பார்த்தேன்.

கயிலைக்குப் போக வேண்டும் என்று வடக்கே நடந்து, உடம்பு தேய்ந்து விழுந்த அப்பர், அங்கே ஒரு பொய்கையில் மூழ்கி இங்கே திருவையாற்றுக் குளத்தில் எழுந்த கதையைச் சொன்னேன். எழுந்து பார்த்தவருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சோடி சோடியாகத் தெரிந்தது: களிறும் பிடியும், சேவலும் பேடையும். எல்லாமே சிவமும் சக்தியுமாக. ஆடி அமாவாசைக்கு இன்றும் அந்தக் காட்சியைக் கொண்டாடுகிறார்கள். தேடிப் போனது இந்த மண்ணிலேயே கிடைத்தது என்று பெரிதாக விளக்கத் தொடங்கினேன்; அவன் குளத்து மீனுக்குப் பொரி போடப் போய்விட்டான்.

ஏழூர் ஏன் நடக்கிறது என்பதற்கு ஊரில் சொல்லும் கதை இது. சிலாத முனிவரின் பிள்ளை நந்தியைத் தன் பிள்ளையாகவே ஐயாறப்பர் ஏற்றுக்கொண்டார். பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டுமே. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் திருமழபாடியில், வியாக்ரபாத முனிவரின் மகள் சுயசாம்பிகையைப் பேசி, பங்குனி புனர்பூசத்தில் கல்யாணம். "நந்தி கல்யாணம் முந்திக் கல்யாணம்" என்பார்கள்; அதைப் பார்த்த பெண்ணுக்கும் பையனுக்கும் அடுத்த வருடத்துக்குள் மாலை விழுமாம். அந்தக் கல்யாணத்துக்கு ஒவ்வொரு ஊரும் ஒன்று கொடுத்தது. திருப்பழனம் பழம். சோற்றுத்துறை சோறு. வேதிகுடி வேதம் ஓதுகிறவர்கள். கண்டியூர் நகை. பூந்துருத்தி பூ. தில்லைஸ்தானத்தின் பழைய பெயர் திருநெய்த்தானம், அது நெய். ஊர்ப் பெயரைச் சொன்னாலே சீர்வரிசை தெரிந்துவிடும்.

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் சும்மா இருக்கலாமா? புதுப் பெண்ணையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போகிறார். அதுதான் சித்திரை விசாகத்தை ஒட்டி நடக்கும் ஏழூர். சப்தஸ்தானம் என்று அழைப்பிதழில் இருக்கும். எங்கள் வாயில் ஏழூர்தான். தத்துவமாக இதற்கு என்னென்னவோ சொல்கிறார்கள். மொய் வைத்தவர் வீட்டுக்கு நேரில் போய் நின்று நன்றி சொல்கிற மரியாதை என்று அத்தை சொல்வதுதான் எனக்குப் பிடிக்கும்.

திரும்பும்போது காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதியில் சற்று உட்கார்ந்தோம். 1847-இல் அவர் அடங்கிய இடம். பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தையெல்லாம் போட்டுக் கட்டிய கட்டடம். அவருடைய சமாதியும் எதிரிலேயே இருக்கிறது. தை மாதத்துக் கூட்டம் எதுவும் இல்லை. மத்தியான நேரத்தில் ஒரு அணிலும் நாங்களும்தான்.

பிறகு அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் விட்டுக் கிளறிய அல்வா. வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துத் தருவார்கள். மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகும். கால் கிலோ அங்கேயே தீர்ந்தது. அத்தை சொன்னபடி ஐம்பது பனையோலை விசிறியும் வாங்கிக்கொண்டோம்.

மூன்றாம் நாள்: திருப்பழனத்திலிருந்து கண்டியூர் வரை

விடியற்காலை நாலு மணிக்கே தெரு முழுக்கச் சாணித் தண்ணீர் தெளிக்கிற சத்தம். வாசல் அடைத்துக் கோலம், மாவிலைத் தோரணம். அத்தை வீட்டு வாசலில் பந்தல் போட்டு இரண்டு அண்டா வைத்திருந்தோம். ஒன்றில் பானகம், ஒன்றில் நீர்மோர். எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட பானகத்தை ஒவ்வொரு தம்ளராக ஊற்றும் பொறுப்பு மகனுக்கு. விசிறி கொடுக்கும் வேலையை அத்தை தானே வைத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம் அல்லவா.

முதலில் நாதசுரம் கேட்டது. காலை வெயில் பட்டு, தெருக்கோடியில் கண்ணாடிப் பல்லக்கு மின்னியது. உள்ளே ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும். பின்னாலேயே வெட்டிவேர்ப் பல்லக்கு. அதில் நந்தியும் சுயசாம்பிகையும். காற்று இந்தப் பக்கம் வீசியபோது தெருவே வெட்டிவேர் மணத்தது. கத்திரி வெயிலில் புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவளுக்கு வெட்டிவேரில் பல்லக்குக் கட்டியிருக்கிறார்கள். இதை யோசித்த கையை நான் வணங்குகிறேன்.

எங்கள் வாசலில் பல்லக்கு நின்றது. தேங்காய் உடைத்து தீபாராதனை. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா?" என்று சாமியைக் கேட்டார். வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை விசாரித்தார், அவ்வளவுதான்.

திருப்பழனத்து ஆபத்சகாயர் தன் பல்லக்கில் எதிர்கொண்டு வந்து நின்றார். இதுதான் வழக்கம்: ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ச் சாமி எல்லையில் வந்து அழைத்துப்போய், பிறகு தானும் கூடவே கிளம்பிவிடுவார். ஊருக்கு ஊர் பல்லக்கு கூடிக்கொண்டே போகும். விருந்துக்கு வந்தவரைத் தனியாக அனுப்புவது இல்லை.

நாங்களும் கிளம்பினோம். அத்தை பையில் நாலு வெள்ளரிப்பிஞ்சு போட்டார். "சித்தி வீட்டுல தங்கு. மாமா வீட்டுல தங்கு. ஒருத்தர விட்டு ஒருத்தர் வீட்டுக்கு மட்டும் போயிட்டு வராத" என்றார். அதற்குக் காரணம் இருந்தது. அம்மாச்சி வீட்டை விற்றதில் ஏற்பட்ட மனத்தாங்கலில் சித்தியும் மாமாவும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அம்மா இருந்த கடைசி வருடம் இரண்டு பேருக்கும் நடுவே எவ்வளவோ நடந்து பார்த்தாள்.

வாழைத் தோப்பைக் கடந்து காவிரிக்குள் இறங்கினோம். எனக்கு நினைவிருக்கிற ஆறு கரையிலிருந்து சரிவாக, மெத்தென்று இறங்கும். இப்போது படுகை நன்றாகத் தாழ்ந்துவிட்டது. சில இடங்களில் ஆள் உயரப் பள்ளம். சீர்பாதம் தாங்கிகள் பல்லக்குத் தண்டைத் தோளில் வைத்தபடி அந்தச் சரிவில் இறங்கியதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முன்னால் இருப்பவர்கள் தண்டை உயர்த்த, பின்னால் இருப்பவர்கள் முழங்கால் மடக்கிக் குனிய, உள்ளே சாமி ஆடாமல் இருந்தார். ஒருவர் குரல் கொடுக்க, அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தோள் மாற்றினார்கள். தோளில் சும்மாடாக மடித்துப் போட்ட துண்டு வேர்வையில் பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. மணல் போய்விட்ட ஆற்றில் இன்னும் எத்தனை வருடம் இப்படி இறங்க முடியும் என்று பக்கத்தில் வந்த பெரியவர் வருத்தப்பட்டார். எனக்கும் அந்த வருத்தம் தீரவில்லை. காவிரி மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த தலைமுறை நாங்கள்.

குடமுருட்டியையும் கடந்தபோது மகனின் செருப்பு வார் அறுந்தது. மணல் சுடத் தொடங்கியிருந்தது. கொஞ்ச தூரம் என் துண்டைக் காலில் சுற்றி நடந்தான். கரையேறியதும் முதல் வீட்டிலிருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், பேரனுடையது என்று ஒரு சோடி செருப்பைக் கொண்டுவந்து போட்டார்.

"எந்த ஊரு நீங்க?"

"மெட்ராஸ்ல இருக்கோம். அம்மா ஊரு தில்லைஸ்தானம்."

"தில்லைஸ்தானத்துல யார் வீடு?"

சொன்னேன். தெருவைக் கேட்டார், அம்மாச்சி பெயரைக் கேட்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ அந்த மூத்தவ மகளா? வருசா வருசம் இந்தத் திண்ணையிலதானே உக்காந்து மோர் குடிப்பா. மூணு வருசமா காணோமேன்னு நினைச்சேன்."

அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே திண்ணையில் உட்கார்ந்து அதே மோரைக் குடித்தேன். கறிவேப்பிலை, இஞ்சி, கொஞ்சம் தூக்கலாக உப்பு. செருப்பைத் திருப்பித் தர எப்போது வருவது என்று மகன் கேட்டான். "அடுத்த ஏழூருக்குக் கொண்டா தம்பி" என்றார்.

சோற்றுத்துறையில் பேருக்கேற்றபடி சோறு. பஞ்ச காலத்தில் அருளாளர் என்ற அடியவருக்குச் சிவன் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கொடுத்த ஊர். இங்கே சாமிக்குப் பெயரே தொலையாச் செல்வர். வரிசையில் உட்கார வைத்து இலை போட்டார்கள். சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, பாயசம். வெயிலில் நடந்து வந்த பசிக்கு ஈடாக எந்தச் சமையலையும் சொல்ல மாட்டேன்.

வேதிகுடியில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. மகன் களைத்திருந்தான். வரப்பில் நடந்து, உளுந்து பறித்த வயலின் குறுக்கே கண்டியூர் வந்தோம்.

பிரமனின் ஐந்து தலையில் ஒன்றைச் சிவன் கொய்த வீரட்டானம் கண்டியூர். சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் இதை முதலாவதாகச் சொல்வார்கள். தலையை இழந்த பிரமனுக்கும் இங்கே சரசுவதியோடு தனிச் சந்நிதி உண்டு. தண்டித்தவரும் தண்டிக்கப்பட்டவரும் ஒரே கூரையின் கீழ் பூசை வாங்கிக்கொள்கிறார்கள். சந்நிதி முன்னால் நின்றபோது சித்தியையும் மாமாவையும் நினைத்துக்கொண்டேன்.

சித்தி வீட்டில் வெந்நீர் போட்டுக் கால் கழுவச் சொன்னார். விளக்கெண்ணெய் தடவிவிட்டார். இரவு பல்லக்குகள் தெருவில் வந்தபோது மகன் தூங்கிவிட்டான். தூக்கத்தோடு தோளில் தூக்கி வைத்துக் காட்டினேன். படுக்கும்போது சித்தி எவர்சில்வர் டப்பா ஒன்றை என் பையில் வைத்தார்.

"என்ன சித்தி?"

"முறுக்கு. பையனுக்கு." கொஞ்ச நேரம் கழித்து, இருட்டில்: "அங்க போனா அவனுக்கும் ரெண்டு குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத."

நாலாம் நாள்: பூந்துருத்தி, தில்லைஸ்தானம்

பூந்துருத்தியில்தான் அப்பர் மடம் வைத்திருந்தார். ஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் அவரைப் பார்க்க வருகிறார். ஊர் எல்லையில் கூட்டத்துக்குள் புகுந்து, சிவிகை தூக்குகிறவர்களில் ஒருவராகத் தோள் கொடுக்கிறார் அப்பர். "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் கேட்க, உங்களைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று சிவிகையின் அடியிலிருந்து குரல் வருகிறது. துள்ளிக் குதித்து இறங்குகிறார் சம்பந்தர். ஒருவர் கிழவர், ஒருவர் சிறுவர்.

பல நூறு தடவை கேட்ட கதை. பல்லக்குத் தூக்குகிறவர்களோடு இரண்டு நாள் நடந்துவிட்டு இதே ஊரில் நின்று சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. கோயில் வாசலில் உட்கார்ந்து துண்டை விலக்கித் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் தாங்கி ஒருவர். தண்டு பதிந்த இடம் காய்த்து, மேடாகிக் கிடந்தது. தகப்பனும் தாத்தாவும் தூக்கியவர்கள் என்றார். மகன் அந்தக் காய்ப்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே தோளைக் காட்டினார்.

இந்தக் கோயிலில் நந்தி நேராக இல்லை, விலகி இருக்கிறது. அப்பர் உழவாரத்தால் திருத்திய மண்ணை மிதிக்கத் தயங்கி வெளியே நின்ற சம்பந்தருக்காக நகர்ந்தது என்பார்கள். நந்தியின் கல்யாணச் சுற்றில் இதையும் பார்ப்பது தனி சந்தோஷம்.

மறுபடி இரண்டு ஆற்றையும் கடந்து வடகரை. தில்லைஸ்தானம். மாமா கரையிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மாவைப் போலவே நெற்றி. மகனைக் குறுக்குக் கம்பியில் ஏற்றிக்கொண்டார்.

அம்மாச்சி வீடு இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு. யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். வாசல் வேப்பமரம் மட்டும் இருக்கிறது. நானும் மாமாவும் அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கடந்தோம்.

சாயங்காலம் மாமி காப்பி கொடுத்தபோது டப்பாவைத் திறந்து வைத்தேன். மாமா ஒன்றை எடுத்தார். ஒடித்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஓமம்" என்றார்.

எங்கள் பக்கம் முறுக்குக்குச் சீரகமோ எள்ளோ போடுவார்கள். அம்மாச்சி ஓமம் போடுவார். அம்மாவும் சித்தியும் அப்படித்தான். மாமி திரும்பிப் பார்த்தார். மாமா வேறு எதுவும் சொல்லவில்லை. நிதானமாக அதைத் தின்று முடித்து, இன்னொன்றை எடுத்துக்கொண்டார். டப்பாவை மூடித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இருட்டியதும் ஊரே ஆற்றுக்குள் இறங்கியது. மணலில் பலூன்காரர், வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி, கரும்புச்சாறு, ராட்டினம். குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டுச்சோற்று மூட்டை பிரிக்கிற இடத்திலெல்லாம் புளியோதரை வாசம். ஒவ்வொன்றாகப் பல்லக்குகள் வந்து சேர்ந்தன. ஏழு ஊர் சாமியும் காவிரி மணலில் ஒரே வரிசையில் நின்றபோது வாணவேடிக்கை தொடங்கியது. மேலே வெடித்த வெளிச்சம் கண்ணாடிப் பல்லக்கில் சிதறி, மணலில் உட்கார்ந்திருந்த முகங்களில் விழுந்தது. மகன் மாமாவின் தோளில். "தாத்தா, தண்ணி வந்தா இந்த இடம் எவ்ளோ ஆழம் இருக்கும்?" என்றான். "உன்னையும் என்னையும் சேத்து முழுங்கும்" என்றார் மாமா.

நள்ளிரவு தாண்டி திருவையாறு. தேரடியில் நிற்க இடமில்லை. ஏழு பல்லக்கும் வரிசையாக வர, உயரத்தில் கட்டியிருந்த பொம்மை, கயிற்றை இழுத்ததும் கைகளைத் தூக்கிப் பூவைச் சொரிந்தது. ஒவ்வொரு பல்லக்குக்கும் ஒரு முறை. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்கள். பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா எங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே இடத்தில் நின்று "பொம்மைய பாரு, பொம்மைய பாரு" என்பாள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பூப்போட்டதும் பல்லக்குகள் விடைபெறத் தொடங்கின. வந்தவர்கள் அவரவர் ஊருக்கு. வாத்தியம் ஒவ்வொரு திசையிலும் தேய்ந்துகொண்டே போனது.

ஐந்தாம் நாள்: திரும்புதல்

காலையில் எழுந்தபோது மாமா கொல்லையில் இருந்தார். பூவன் தார் ஒன்றை இறக்கி, சீப்பு சீப்பாக அறுத்து, இரண்டு பங்காகச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை என்னிடம் காட்டி, "இது உனக்கு" என்றார். இன்னொன்றைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தஞ்சாவூர் பஸ்ஸு கண்டியூர் வழியாத்தான் போவுது. இறங்கி, குடுத்துட்டு, அடுத்த பஸ்ஸு பிடி."

"யாரு குடுத்தாங்கன்னு கேட்டா என்ன மாமா சொல்றது?"

"கேக்கமாட்டா."

முறுக்கு டப்பாவைக் கழுவித் துடைத்து மாமி கொண்டுவந்தார். காலி டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்று அதில் நெய் ஊற்றியிருந்தார். திருநெய்த்தானத்து நெய்.

கண்டியூர் நிறுத்தத்தில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. சித்தி வாசலில் நேற்றைக்கு முந்தின நாள் கோலம் இன்னும் அழியாமல் கிடந்தது. சாக்கைத் திண்ணையில் வைத்தேன். அவர் கட்டை அவிழ்த்து, ஒரு சீப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.

கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு காயைப் பிரித்து மகன் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொரு சீப்பாக எடுத்துக் கூடத்து உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடத் தொடங்கினார்.

"இன்னும் ரெண்டு நாள்ல பழுத்துரும்" என்றார். "உங்க அம்மாவுக்கு இந்தத் தோப்புப் பழம்னா உசுரு."